கடன் பதிவேட்டில் எழுதியிருக்கும் நம்ம உடம்பின் வரலாறு

வங்கி இணைப்பு, தொழில் கடன் பற்றியெல்லாம் இந்த மலரில் மற்றவர்கள் எழுதுறாங்க. நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து 60 வயதில் ஓய்வு பெற்று, மாதாந்திரச் சிறப்பு ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவள். எனக்குத் தெரிஞ்சது வைத்தியச் செலவின் வரலாறுதான்.

1989-இல் நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. பழைய கடன் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்க. 'கடன் நோக்கம்' என்ற கட்டத்தில் கறவை மாடு, விதை, பிள்ளை படிப்பு என்று எழுதியிருக்கும். நடுநடுவே 'மருத்துவம்', 'மருத்துவம்' என்று வந்துக்கிட்டே இருக்கும். மாடு வாங்கினவள் பாலை ஊற்றித் தவணை கட்டினாள். கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வாங்கினவள் எதை விற்றுக் கட்டுவாள்? தோடும் மூக்குத்தியும் அடகுக்குப் போனது அப்படித்தான்.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு 4 ஆண்டுக்கு 1 லட்சம். 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, ஆண்டுக்கே 1 லட்சம் ஆனது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்து 5 லட்சம் ஆச்சு. வருமான வரம்பு பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்ந்தது.

வரம்பைக் கொஞ்சம் தாண்டின குடும்பம்தான் இன்னிக்கும் நடுவில் மாட்டிக்கிட்டு இருக்கு. மகன் சம்பளமும் சேர்ந்து குடும்ப வருமானம் கூடிப்போனா, அம்மாவுக்கும் அட்டை இல்லை. தனியார் காப்பீடு எடுக்கலாம்தான். 65 வயதுக்கு மேலும் எடுக்கலாம் என்று 2024-இல் விதி மாறியது. ஆனா ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு 3 ஆண்டு வரை காத்திருக்கச் சொல்ல முடியும். இந்த ஓய்வூதியத்தில் பிரீமியம் கட்டுறதா, அரிசி பருப்பு வாங்குறதா?

அட்டை இருக்கிறவங்களுக்கும் அது படுக்கையில் சேர்ந்த பிறகுதான் பெரும்பாலும் உதவும்; தினம் போடுற மாத்திரைக்கு உதவாது. அந்தக் குறையைத் தீர்க்க 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. தொடங்கிய இடம் கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 வரை அதுவும் நம்ம தருமபுரிதான். வீட்டு வாசலுக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருகிற தன்னார்வலர்கள் யாரு? நம்ம மாதிரிக் குழுக்களில் இருந்து போன பெண்கள்தான். 2024-இல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைச்சப்போ, அதில் நமக்கும் பங்கு உண்டுன்னு நான் வெட்கப்படாம சொல்லிக்கிட்டேன்.

இப்போ எடைக்கு வர்றேன். ஓய்வு பெற்ற பிறகு ஓட்டம் குறைஞ்சு, உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு போடுது, முட்டி வலிக்குது. எடை இறங்கலையேன்னு ஒரு வேளைச் சோற்றை அடியோடு விட்டுடறோம். சர்க்கரை மாத்திரை போடுறவங்க அப்படி விட்டா மயக்கமே வரும். இந்த வயசில் பட்டினி கிடந்தா சதையும் கரைஞ்சு, கால் தள்ளாடும்.

சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்தவர்களை வைத்து 3 ஆண்டு நடத்தி, 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. நடையும் சாப்பாட்டு மாற்றமும் சொல்லிக்கொடுத்தவர்களில் 100-க்கு 39 பேருக்குத்தான் நோய் வந்தது. சொல்லிக்கொடுக்காதவர்களில் 55 பேருக்கு வந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிசா குறையவே இல்லை! தராசு முள் நகரலைன்னு நடையை விட்டுடாதீங்க.

கேழ்வரகுக் களிதானே, எவ்வளவு வேணாலும் சாப்பிடலாம்னு நினைக்கிறதும் நம்ம ஊர் வழக்கம். களியும் மாவுச்சத்துதான், உருண்டை பெரிசானா சர்க்கரை ஏறும். ஒரு உருண்டையைப் பாதியாக்கி, கீரையையும் பயறையும் கூட்டிக்கங்க.

எடை பார்க்க மெஷின் வேண்டாம். தையல் குழுவில் இருக்கிற அளவு நாடா போதும். நம்ம நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறாங்க மருத்துவர்கள். எங்க குழுவில் மாதாந்திரக் கூட்டத்தில் சந்தா எழுதி முடிச்சதும் நாடாவை எடுக்கிறோம். முதல் மாசம் ஒருத்தியும் எழுந்து வரலை. இப்போ வரிசையில் நிற்கிறாங்க.