பூனைக்கும் ஒரு பதிவுச் சீட்டு

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் இல்லங்களில், பூனை வாடகை கொடாத குடித்தனக்காரர். திருப்பதி 1886இலும் சித்தூர் 1917இலும் நகராட்சிகளாயின. பூனைக்கும் அனுமதிச் சீட்டு என்றால் அந்நாளைய முன்னோர் நகைத்திருப்பர். ஆயினும் வெறிநோய் நகைப்புக்குரியதன்று. நாயைப் போலவே பூனைக் கடியாலும் அது பரவும். நோய் கண்டபின் பிழைத்தல் அரிது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றியது; கடிபட்ட தென்னாட்டார் பலர்க்கு அம்மலையேறுவதே வழியாயிற்று. இன்றோ பூனைக்கே முன்கூட்டித் தடுப்பூசி போடலாம். அச்சான்றைக் கேட்டே, புணே மாநகராட்சி 2022இல் பூனைப் பதிவைக் கட்டாயமாக்கியது; நொய்டாவும் அவ்வாண்டே அவ்வழி நின்றது. ஆகவே, அன்பர்களே, சீட்டை வரியென எண்ணாதிருப்போமாக. முதலில் ஊசி போடுவிப்போம். பின்னர் மாநகராட்சி அலுவலகத்தில் விதியை விசாரிப்போம். நம் மழலைகளின் உயிர்க்கு அதுவே காப்பு.