கரோலின் கீன் என்று ஒருத்தி இல்லை

வில்லியனூரில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரான்சிலிருந்து லீவுக்கு வரும் அந்த வீட்டுப் பேத்தி, படித்து முடித்த பச்சை அட்டைப் புத்தகங்களை எனக்குக் கொடுத்துவிட்டுப் போவாள். ஆலிஸ் என்ற பெண் துப்பறியும் கதைகள் அவை. எழுதியவர் பெயர் கரோலின் கின். பள்ளியில் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி வாசித்தேன். கல்லூரிக் காலத்தில் ஆங்கிலத்தில் நான்சி ட்ரூ கையில் கிடைத்தபோது கதை முன்பே தெரிந்ததாக இருந்தது. ஆலிஸ்தான் நான்சி. கின் என்பவர்தான் கீன்.

அந்தக் கரோலின் கீன் என்ற பெண் பிறக்கவே இல்லை என்பது வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அமெரிக்காவில் எட்வர்ட் ஸ்ட்ராட்டமையர் என்பவர் சிறுவர் கதைகளுக்கு ஒரு பட்டறை போல நிறுவனம் நடத்தினார். கதைச் சுருக்கத்தை அவர் கொடுப்பார், வெளியே இருக்கும் எழுத்தாளர் அதைப் புத்தகமாக வளர்த்துக் கொடுப்பார். மொத்தமாக ஒரு தொகை. எல்லா உரிமையும் நிறுவனத்துக்கு என்று கையெழுத்துப் போட வேண்டும், நான்தான் எழுதினேன் என்று வெளியே சொல்லவும் கூடாது. அட்டையில் ஒரு கற்பனைப் பெயர் இருக்கும். பெண் பிள்ளைகளுக்கான தொடர் என்பதால் நான்சி ட்ரூவுக்குப் பெண் பெயர். 1930-இல் முதல் மூன்று புத்தகங்கள் வந்தன.

அவற்றை எழுதியவர் மில்ட்ரெட் விர்ட். அயோவா பல்கலைக்கழகத்தில் இதழியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய முதல் பெண். புத்தகத்துக்கு 125 டாலர் கொடுத்தார்கள். பஞ்ச காலத்தில் அதை 75 ஆகக் குறைத்தபோது மறுத்துவிட்டார். 3 புத்தகங்களை வால்ட்டர் கேரிக் என்ற ஆண் எழுதினார். வாசித்த சிறுமிகளுக்கு அதுவும் கரோலின் கீன்தான். மில்ட்ரெட் பிறகு திரும்பி வந்தார். முதல் 30 புத்தகங்களில் 23 அவர் எழுதியவை.

இதை முதலாளி ஆணும் கூலிப் பெண்ணும் என்று மட்டும் எழுதி முடிக்க முடிந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும். ஆனால் தொடர் வெளிவந்த சில நாட்களிலேயே ஸ்ட்ராட்டமையர் இறந்துவிட்டார். நிறுவனத்தை எடுத்து நடத்தியவர்கள் அவருடைய மகள்கள் இருவர். மூத்தவர் ஹேரியட் ஆடம்ஸ், நான்கு பிள்ளைகளுக்குத் தாய், அரை நூற்றாண்டு அதைத் தாங்கினார். கதைச் சுருக்கங்கள் எழுதினார், 1950-களிலிருந்து புத்தகங்களையே எழுதினார். 1959 முதல் பழைய புத்தகங்களைத் திருத்தினார். கறுப்பின மக்களைக் கேவலப்படுத்திய வரிகள் போயின, நல்லதுதான். கூடவே நான்சியின் வாய்த்துடுக்கும் போயிற்று. கடைசியில், 'நான்தான் கரோலின் கீன்' என்று பேட்டிகளில் சொல்லத் தொடங்கினார். உழைப்பை வைத்துப் பார்த்தால் அது முழுப் பொய்யில்லை. இன்னொருத்தியை அழித்துவிட்டுச் சொன்னதுதான் எனக்கு நெருடுகிறது.

1980-இல் பதிப்பகங்களுக்கு இடையிலான வழக்கு ஒன்று நியூயார்க் நீதிமன்றத்துக்கு வந்தது. மில்ட்ரெட் சாட்சிக் கூண்டில் ஏறினார். அவரைப் பார்த்த ஹேரியட், நீங்கள் இறந்துவிட்டதாக நினைத்தேன் என்றாராம். பழைய ஒப்பந்தங்களும் கடிதங்களும் வெளியே வந்தன. உரிமையைப் பறித்த அதே தாள்கள்தான் அவர் எழுதினார் என்பதற்குச் சாட்சி சொல்லின. அதற்குப் பிறகும் ராயல்டி கிடைக்கவில்லை. டொலீடோ நகரத்துப் பத்திரிகை ஒன்றில் தொடர்ந்து எழுதிவந்தவர், 2002-இல் தமது 96 வயதில் இறந்தார்.

கூட்டுப் பெயரே குற்றம் என்று நான் சொல்லவில்லை. தமிழில் சுரேஷும் பாலகிருஷ்ணனும் 'சுபா' என்று எழுதுகிறார்கள். யார் அந்த இருவர் என்று வாசகருக்குத் தெரியும், பெயரும் அவர்களுடையது. ஆண்கள் இருவருக்குப் பெண் பெயர் பொருந்திப்போன வேடிக்கையைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

எங்களுக்கும் ஒரு கூட்டுப் பெயர் இருந்தது. பாகூரில் ஓர் அக்கா, வில்லியனூரில் நாங்கள் இருவர், மூவரும் டீச்சர்கள். சிறுவர்களுக்கு எட்டுக் குட்டிக் கதைப் புத்தகங்கள் எழுதினோம். ஏரி, நாரை, கரும்பு வண்டி எல்லாம் அக்கா கொண்டு வந்தவை. மூன்று பேர் பெயரிலிருந்தும் ஒவ்வோர் எழுத்தெடுத்து ஒரு பெயர் கட்டினோம். பதிப்பாளர் கதைக்கு 500 ரூபாய் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். படித்துப் பார்க்கவில்லை. மூன்று பேரும் எம்.ஏ.

நாலு வருடம் கழித்து அதே பெயரில் ஒன்பதாவது புத்தகம் வந்தது. அதை எங்களில் யாரும் எழுதவில்லை. மாமியார் சொல் கேளாத மருமகள் நாரையாகிப் போகிற கதை.

அக்கா இப்போது இல்லை. அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. அதில் மூன்று பெயரும் முழுசாக, அவரவர் கையெழுத்தில் இருக்கின்றன. முதல் பெயர் அக்காவுடையது.