மையில் முளைத்த காடு

காட்டு வீரனின் சாகசத்தைச் சொல்லும் நாளிதழ்ச் சித்திரக்கதை 1929 ஜனவரி 7 அன்று அமெரிக்காவில் தொடங்கியது. எட்கர் ரைஸ் பரோஸ் 1912-ல் எழுதிய டார்ஜான் கதையை அன்று படமாக்கத் தொடங்கியவர் ஹால் ஃபாஸ்டர் என்ற விளம்பர ஓவியர். அந்தப் படங்களில் பேச்சுக் குமிழ் கிடையாது. கதை படத்துக்குக் கீழே அச்சாகியிருக்கும். 1937-ல் டார்ஜானின் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம் பர்ன் ஹோகார்த் கைக்கு வந்தது. மனித உடற்கூற்றில் அவருக்கு இருந்த மோகம் காட்டையும் தொற்றிக்கொண்டது. அவருடைய மரங்களின் வேரும் கிளையும் தசை நார்களைப் போல முறுக்கேறி நிற்கும். இதற்கிடையே 1934-ல் அலெக்ஸ் ரேமண்ட் தென்கிழக்கு ஆசியக் காடுகளில் திரியும் ‘ஜங்கிள் ஜிம்’ கதையைத் தொடங்கியிருந்தார். 1936 பிப்ரவரி 17 அன்று லீ ஃபாக் எழுத, ரே மூர் வரைய, முகமூடியும் ஒட்டிய உடையும் அணிந்த ‘ஃபேன்டம்’ வந்தான். தமிழ் வாசகருக்கு வேதாளராகவும் பின்னாளில் மாயாவியாகவும் பழகியவன் இவனே.

இந்தக் காடுகளுக்கும் உண்மையான காடுகளுக்கும் உறவு குறைவு. பரோஸ் ஆப்பிரிக்காவில் கால் வைத்ததே இல்லை. இதழில் வெளிவந்த அவருடைய முதல் டார்ஜான் கதையில் ‘சாபர்’ ஒரு புலி. ஆப்பிரிக்காவில் புலி கிடையாது என்று வாசகர்கள் எடுத்துச் சொன்ன பிறகு, 1914-ல் நூலாக வந்தபோது சாபர் பெண் சிங்கமானது. ஃபாஸ்டர் இளமையில் கனடாவின் காடுகளில் அலைந்தவர்தான்; ஆனால் அங்கே பார்த்தது பனி படர்ந்த வடக்கத்திக் காடு. ஃபேன்டமின் நாடும் நிலையாக ஓரிடத்தில் இருந்ததில்லை. தொடக்கத்தில் ஆசியாவில், இந்தியாவுக்குப் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றிய அது, 1960-களுக்குப் பிறகு ஆப்பிரிக்க நாடாக உறுதிப்பட்டது. அங்கே வாழும் குள்ளர் இனமான பாண்டார்களின் பெயரில் கிப்ளிங் எழுதிய காட்டுக் கதைகளின் சாயல் உண்டு. 1536-ல் கடற்கொள்ளையர் ஒரு கப்பலைத் தாக்கியபோது தப்பிக் கரையேறிய இளைஞன், தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் கை வைத்துக் கொள்ளையை ஒழிப்பதாகச் சபதம் செய்கிறான். அவன் வழித்தோன்றல்கள் ஒருவர்பின் ஒருவராக அதே உடையை அணிய, காட்டு மக்கள் அவனைச் சாகாதவன் என்று நம்புகிறார்கள். இதுதான் ஃபேன்டமின் பூர்வகதை.

தமிழ்நாட்டில் காட்டு வீரன் முதலில் திரையில்தான் குதித்தான். 1938-ல் ஹோமி வாடியா இயக்கத்தில், ஜான் காவாஸ் நடிக்க, ‘வனராஜா கார்சன்’ தமிழிலேயே வெளிவந்தது. ‘டார்ஜான்’ என்ற பெயர் ஏன் ‘கார்சன்’ ஆயிற்று என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. 1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கூட்டுறவில் ‘காடு’ படத்தை எடுத்தது. அதில் நம் யானைகளுக்குச் சடைமுடி மாட்டி, அழிந்துபோன மாமூத் யானைகளாக ஓடவிட்டார்கள். 1959-ல் ‘யானை வளர்த்த வானம்பாடி’ வந்தது. இப்படிக் கொடி பிடித்து ஊசலாடும் மனிதனையும் கூட்டமாகத் தறிகெட்டு ஓடும் யானைகளையும் தமிழ்ப் பிள்ளைகள் அச்சில் பார்ப்பதற்கு முன்பே கொட்டகையில் பார்த்திருந்தார்கள்.

படத்தைப் பார்த்துக் கதை படிக்கும் பழக்கமும் தயாராக இருந்தது. 1947-ல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில், 1952-ல் சேர்ந்த ஓவியர் சங்கர், விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைச் சுமந்து சுடுகாட்டு வழியே நடக்கும் படத்தை வரைந்து நிலைநிறுத்தினார். கே.சி. சிவசங்கரன் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 2020-ல் மறையும்வரை அந்த ஒற்றைப் படத்தாலேயே அறியப்பட்டார். ‘தினத்தந்தி’யில் 1960-ல் தொடங்கிய ‘கன்னித்தீவு’, நாளுக்குச் சில கட்டங்கள் என்ற அளவில் கதையைக் காத்திருந்து படிக்கும் பொறுமையைத் தந்தது. தினமும் பேப்பர் வரும் டீக்கடை இருந்த ஊரில், எழுத்துக்கூட்டத் தெரிந்த சிறுவனுக்கு அதன் நாயகன் சிந்துபாத் காசில்லாமல் கிடைத்தான்.

ஃபேன்டமைப் புத்தக வடிவில் இந்தியாவெங்கும் கொண்டுசென்றது டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் ‘இந்திரஜால் காமிக்ஸ்’. 1964 மார்ச்சில் வந்த முதல் இதழே ஃபேன்டம் கதை. தொடர்ந்து முப்பதுக்கும் மேற்பட்ட இதழ்கள் அவனுக்கே ஒதுக்கப்பட்டன. பின்னர் தமிழ் உட்படப் பல மொழிகளில் அது வெளிவந்தது. கதையில் இந்தியருக்கு உறுத்தக்கூடிய பெயர்களைப் பதிப்பாசிரியர்கள் மாற்றினார்கள். ‘பங்காலா’ நாடு ‘டெங்காலி’ ஆயிற்று. ‘சிங்’ கொள்ளைக் கூட்டம் ‘சிங்கா’ ஆயிற்று. முதல் ஃபேன்டமின் தந்தையைக் கொன்றவனுக்கு மூலத்தில் ‘ராமா’ என்று பெயர். அது இங்கே செல்லாது என்பதால் ‘ராமலு’ ஆக்கப்பட்டது. பக்க எண்ணிக்கைக்குள் அடக்குவதற்காகக் கட்டங்களையும் வெட்டினார்கள். அட்டைப்படங்களை இந்திய ஓவியர்களே வரைந்தார்கள். அவர்களில் முதன்மையானவர் கோவிந்த் பிரம்மணியா. 1976-ல் ஆபித் சுர்த்தி எழுதிய ‘பகதூர்’ கதைக்குப் படம் போட்டவரும் அவரே. காட்டு வீரன் இடத்தில் சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளையரை எதிர்க்கும் இந்திய இளைஞன் வந்த கதை அது.

தமிழுக்கென்றே ஒரு காமிக்ஸ் மரபு உருவானது சிவகாசியில்தான். காலண்டர், லேபிள், வாழ்த்து அட்டை என்று வண்ண அச்சில் தேறியிருந்த அந்த ஊரிலிருந்து 1972 ஜனவரியில் ‘முத்து காமிக்ஸ்’ வெளிவந்தது. முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. இந்த மாயாவி ஃபேன்டம் அல்ல; அது பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றுக்காக ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. சில ஆண்டுகளில் அமெரிக்க நாளிதழ்க் கதைகளும் முத்துவுக்கு வந்தன. ரிப் கிர்பி, காரிகன், மாண்ட்ரேக் ஆகியோருடன் ஃபேன்டமும் ‘வேதாளர்’ என்ற மரியாதைப் பெயரோடு வந்து சேர்ந்தார். 1984 ஜூலையில் அதே சிவகாசியிலிருந்து ‘லயன் காமிக்ஸ்’ தொடங்கியது. அதே மாதம் தினத்தந்தி குழுமத்தின் ‘ராணி காமிக்ஸ்’ ஜேம்ஸ்பாண்டோடு களம் இறங்கியது. 1990-ல் இந்திரஜால் நின்றுபோன பிறகு ராணியில் ஃபேன்டம் ‘மாயாவி’ என்ற பெயரில் நிலையான இடம் பிடித்தான். ராணி 2005 வரை வந்தது. வேதாளரும் மாயாவியும் ஒருவரே என்பது புரியாமல் இருவருக்கும் சண்டை வந்தால் யார் ஜெயிப்பார் என்று வாதாடிய சிறுவர்களும் உண்டு.

ஊர்ப்புறத்துக்கு இந்தப் புத்தகங்கள் சுற்றி வளைத்தே வந்தன. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரயில் பாதையில், ஆலப்பாக்கத்துக்கு முன்னால் இருக்கும் செம்மங்குப்பம் போன்ற ஊர்களில் காமிக்ஸ் விற்கும் கடை எங்கே இருக்கப்போகிறது? பெரிய ஊரின் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கும் இதழை யாராவது வாங்கி வர வேண்டும். இல்லையென்றால் வாடகை நூல்நிலையம், பழைய பேப்பர் கடை, பள்ளியில் கைமாற்று. அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் போய், முடிவு தெரியாமலே படித்த கதைகள் ஒரு தலைமுறைக்கு நிறைய உண்டு. அந்த வாசகர்களைச் சுற்றியிருந்த காடு வேறு வகை. முந்திரித் தோப்பும் சவுக்குத் தோப்பும் பனையும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பிச்சாவரத்தின் சுரபுன்னைக் கால்வாய்கள். சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையும் இந்தச் சதுப்புக் காட்டு மரம்தான். சிங்கமும் கொரில்லாவும் உலவும் அச்சுக் காட்டுக்கும் இதற்கும் பொருத்தமில்லை. ஆனால் குதிரையில் ஏறி, நாயோடு இரவில் எல்லையைச் சுற்றி வரும் காவல்காரனை அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ஊர் எல்லையில் மண்குதிரைகளுக்கு நடுவே அய்யனார் இருந்தார். வெள்ளைக் குதிரையும் ஓநாயும் வைத்திருந்த முகமூடிக்காரனை அவர்கள் அவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்டதற்கு இது ஒரு காரணம் என்று சொன்னால் மிகையாகாது.

சிறு வயதில் படித்ததை நாற்பது, ஐம்பது வயதில் மறுபடி எடுப்பவருக்குக் கதை சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. கொள்ளை, கடத்தல், ஒரு குத்து, தாடையில் மோதிரம் பதித்த மண்டையோட்டு முத்திரை. அடுத்த கதையிலும் அதே. தீராமல் நிற்பது கோடு. ஃபேன்டமை வரைந்தவர்களில் மூவரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று வெவ்வேறு காடுகள் தெரியும். ரே மூரின் காடு இருட்டு. நிழலுக்குள்ளிருந்து உருவம் பாதியே வெளிப்படும். ‘நடமாடும் ஆவி’ என்ற பட்டப்பெயருக்குப் பொருத்தமான அச்சம் அவருடைய படங்களில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பொறுப்பு வில்சன் மெக்காயிடம் போனது. அவருடையது தட்டையான, வெள்ளந்தியான கோடு. ஓவியம் தெரிந்தவர்கள் அதைக் குறைத்துப் பேசுவது வழக்கம். கதை ஓட்டத்துக்கு அது தடையாக இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். 1961-ல் மெக்காய் இறந்தபின் வந்த சை பாரி 1994 வரை வரைந்தார். தமிழில் பெரும்பாலோர் நினைவில் இருப்பது இவருடைய வேதாளரே.

பாரியின் வேலையைக் கூர்ந்து பார்த்தால் அந்தக் காட்டில் மரங்கள் குறைவு என்பது தெரியும். கட்டத்தின் முன்னால் முழுக் கருப்பில் ஒரு பெரிய இலை அல்லது அடிமரம். நடுவில் வெளிச்சம் பட்ட உருவம். பின்னால் இரண்டு மூன்று மெல்லிய செங்குத்துக் கோடுகள், மீதி வெறும் வெள்ளை. அவ்வளவுதான் அடர்வனம். தூரிகைக் கோடு தசை மடியும் இடத்தில் தடித்து, வெளிச்சம் விழும் இடத்தில் நூலாகி மறைகிறது. தினம் மூன்று நான்கு கட்டம் முடித்துக் கொடுக்க வேண்டிய தொழிலில் இந்தச் சிக்கனம் கட்டாயம். ஜார்ஜ் ஓல்சன் போன்ற உதவியாளர்கள் பென்சில் வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரே கை என்று நினைத்த பக்கம் உண்மையில் ஒரு பட்டறையின் உழைப்பு. இதோடு ஒப்பிட்டால் ஹோகார்த்தின் டார்ஜான் பக்கம் ஆடம்பரம். முழு ஞாயிற்றுப் பக்கத்தின் பரப்பு அவருக்குக் கிடைத்தது. ஒவ்வொரு கொடியையும் அவர் வரைந்தார். 1967 முதல் டார்ஜானை வரைந்த ரஸ் மானிங் அந்த நெரிசலைக் களைந்து, தெளிவான கோட்டுக்குக் கொண்டுவந்தார்.

இந்த வேறுபாடுகளில் பாதி அந்தக்கால இந்திய அச்சில் தெரியாது. நாளிதழில் அகலவாக்கில் வந்த கட்டங்களைக் கையடக்கப் புத்தகத்தின் நெட்டுவாக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். சிறிதாக்கிய படத்தில் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டின. மட்டமான தாளில் மை ஊறிப் பரவியது. வண்ணம் பூசிய இதழ்களில் நிறம் கோட்டை மூடியது, கட்டத்தை விட்டும் வழிந்தது. தமிழ் வசனம் மூலத்தைவிட நீளம் என்பதால் குமிழ்கள் பெருத்துப் படத்தைத் தின்றன. மங்கிய அச்சே தனி மர்மத்தைத் தந்தது என்று வாதிடும் பழைய வாசகர்கள் இருக்கிறார்கள். நினைவுக்கு உள்ள உரிமை அது. ஓவியருக்கு அதில் லாபமில்லை.

வளர்ந்த கண் வேறொன்றையும் பார்க்கிறது. ஃபேன்டமின் குகையில், மண்டையோட்டு வடிவச் சிம்மாசனத்தில் வெள்ளைக்காரன். சுற்றிலும் வில்லேந்திய கறுப்பு மக்கள், அவன் தீர்ப்புக்குக் காத்திருக்கிறார்கள். டார்ஜானும் ஒரு பிரிட்டிஷ் பிரபுவின் மகன். காலனிய நாட்களின் இந்த அமைப்பைச் சிறுவயதில் யாரும் கேள்வி கேட்கவில்லை. லீ ஃபாக் காலத்தோடு கொஞ்சம் நகர்ந்தார். பங்காலா மக்களாட்சி நாடானது. லமாண்டா லுவாகா என்ற கறுப்பர் அதன் குடியரசுத் தலைவரானார். சிம்மாசனம் மட்டும் குகையை விட்டுப் போகவில்லை. ஆனாலும் ஆதிக்கம் செய்பவனின் கதை என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை. பப்புவா நியூ கினியின் வாகி பள்ளத்தாக்கு மக்கள் 1980-களில் தங்கள் போர்க் கேடயங்களில் ஃபேன்டமின் உருவத்தைத் தீட்டிக்கொண்டார்கள். சாகாதவன் தங்கள் பக்கம் இருக்கட்டும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டதை எந்தப் பதிப்பகமும் திட்டமிடவில்லை.

வேட்டைக்காரனின் மதிப்பு இந்தியாவில் இறங்கியதும் இந்தக் காமிக்ஸ்கள் பரவிய காலத்தில்தான். முத்து காமிக்ஸ் தொடங்கிய 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அடுத்த ஆண்டு புலிகள் பாதுகாப்புத் திட்டம். துப்பாக்கியோடு காட்டுக்குள் போகும் வீரன் பத்தாண்டுகளில் கேலிப்பொருளானான். 1980-ல் தொடங்கிய ‘டிங்கிள்’ இதழுக்காக வசந்த் ஹல்பே வரைந்த ஷிகாரி சம்பு, கண்ணை மறைக்கும் தொப்பியோடு விலங்கைக் கண்டால் ஓடுபவன். வாண்டுமாமா ஆசிரியராக இருந்த ‘பூந்தளிர்’ இதழில் அவன் ‘வேட்டைக்கார வேம்பு’ ஆனான். அதே இதழில் வந்த ‘கபீஷ்’ கதையில் வால் நீளும் குரங்கே நாயகன். காட்டுக்கு ஆபத்து வெளியிலிருந்து வரும் மனிதனால். இந்தியச் சிறுவர் இதழ்கள் காட்டு வீரனைத் திருப்பிப் போட்டது இப்படித்தான். தமிழ்நாட்டின் முதுமலையையோ களக்காட்டையோ களமாகக் கொண்டு, உள்ளூர் ஓவியரின் கோட்டில், ஃபேன்டம் அளவுக்கு நிலைத்த ஒரு நாயகன் மட்டும் உருவாகவில்லை. மொழிபெயர்ப்புக் கதைகள் ஆயத்தப் படங்களோடு கிடைத்தபோது, புதிதாக வரைய ஓவியருக்குக் கூலி கொடுப்பதைவிட உரிமம் வாங்குவது மலிவாக இருந்தது.

இன்று பழைய இதழ்களின் தாள் பழுத்து, தொட்டால் உதிர்கிறது. சேகரிப்பாளர்கள் அவற்றைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துப் பல மடங்கு விலைக்குக் கைமாற்றுகிறார்கள். சிவகாசி நிறுவனம் 2022-ல் ‘ஸ்மாஷிங் 70ஸ்’ என்ற வரிசையில் வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கிர்பி, காரிகன் கதைகளைப் பெரிய அளவில், நல்ல தாளில், கெட்டி அட்டையோடு மறுபடி கொண்டுவந்தது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அன்று கைமாற்றில் படித்தவர்களே. சிறுவர்கள் வேறு திரைகளுக்குப் போய்விட்டார்கள். பெரிய பக்கத்தில் பாரியின் கோடு முதல்முறையாகத் தமிழில் முழுசாகத் தெரிகிறது. குத்து வாங்கியவனின் தாடை முத்திரையும்கூட.