டி.என்.ஏ. ஆய்வுக் கரைசல்களில் மாசு தவிர்த்தல்: திருச்சி வாழையின் வரலாற்றில்

டி.என்.ஏ. ஆய்வுக்கான கரைசல்களில் வேற்று டி.என்.ஏ.வும், டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளும் கலந்துவிடாமல் காப்பது மூலக்கூறு உயிரியல் ஆய்வகங்களின் அடிப்படை விதியாகும். திருச்சிராப்பள்ளிப் பகுதியில் இவ்விதி வாழைச் சாகுபடியோடு நேரடியாகத் தொடர்புடையது.

பின்னணி

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள ஸ்ரீரங்கம் தீவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பூவன் முதலிய வாழை வகைகள் பயிரிடப்படுகின்றன. பயிராகும் வாழை விதையால் அல்லாமல் பக்கக்கன்றால் பெருகுவதால், தாய்வாழையின் வைரஸ் கன்றுக்கும் செல்கிறது. 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்குப் பரவிய முடிக்கொத்து நோய், பிற்காலத்தில் பழனி மலைப்பகுதியின் விருப்பாச்சி வாழையைப் பெருமளவில் அழித்தது.

1993-இல் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில், பி.சி.ஆர். என்னும் டி.என்.ஏ. பெருக்கும் முறையை உருவாக்கிய கேரி முல்லிஸ் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். முடிக்கொத்து வைரஸ் டி.என்.ஏ. வகையைச் சேர்ந்தது என்பதால், நோய் வெளியே தெரியும் முன்பே அதை இம்முறையால் கண்டறிய இயலும்.

மாசின் விளைவு

பி.சி.ஆர். ஒவ்வொரு சுழற்சியிலும் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்குகிறது. கணக்கின்படி, ஒரே மூலக்கூறு 30 சுழற்சிகளில் 107 கோடியாகிறது. சோதனை முடிந்த குழாயைத் திறக்கும்போது தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துளி, அடுத்த சோதனைக்குரிய நீரில் கலந்தால் நோயற்ற வாழையும் நோயுற்றதாகக் காட்டப்படும். மாறாக, சிதைக்கும் நொதிகள் கலந்தால் நோயுற்ற வாழை நலமானதாகத் தோன்றும். திசு வளர்ப்பில் ஒரு தாய்வாழையிலிருந்து ஆயிரக்கணக்கான கன்றுகள் உருவாகின்றன. ஆகவே ஒரு தவறான முடிவு பல வயல்களைப் பாதிக்கும்.

விதிகளின் தோற்றம்

1989-இல் ஷெர்லி குவோக், ரஸ்ஸல் ஹிகுச்சி ஆகியோர் ‘நேச்சர்’ இதழில் மாசு தவிர்க்கும் வழிகளைத் தொகுத்தனர். அவ்வழிகளும் பின்னர் சேர்ந்தவையும் இன்று பொது நடைமுறையாக உள்ளன:

- கரைசல் தயாரிக்கும் இடமும் பெருக்கிய டி.என்.ஏ.வைக் கையாளும் இடமும் தனித்தனியே இருத்தல்.
- கரைசலைச் சிறு குழாய்களில் பிரித்து வைத்து, மாசு ஐயம் எழுந்தால் அக்குழாயை மட்டும் நீக்குதல்.
- வடிகட்டி பொருத்திய பிப்பெட் முனைகளையும் புதிய கையுறைகளையும் பயன்படுத்துதல்.
- மாதிரிக்குப் பதிலாகத் தூய நீர் இட்ட குழாயையும் உடன் சோதித்தல். அதில் டி.என்.ஏ. பெருகினால் அத்தொகுதியின் முடிவுகள் ஏற்கப்படுவதில்லை.

ஆட்டோகிளேவில் 121 பாகை செல்சியசில் சூடாக்குவது நுண்ணுயிர்களைக் கொல்லும். எனினும் டி.என்.ஏ. துண்டுகள் முற்றிலும் அழிந்துவிடும் என்று கொள்ள முடியாது. எனவே சூடாக்குதல் மட்டும் போதுமானதன்று.

வாழைக்கே உரிய சிக்கல்

இலைகளில் மஞ்சள் கீற்றுகளை உண்டாக்கும் மற்றொரு வைரஸின் டி.என்.ஏ., சில வாழைகளின் மரபுத்தொகுதியிலேயே பதிந்திருப்பதை 1999-இல் வெளிவந்த ஆய்வுகள் விளக்கின. பூவன் போன்று, ‘மூசா பால்பிசியானா’ என்னும் காட்டுவாழையின் வழிவந்த வகைகளில் இப்பதிவு காணப்படுகிறது. இங்கு வாழையின் சொந்த டி.என்.ஏ.வே மாசாகிறது. இதைத் தவிர்க்க, எதிர்ப்பொருள் பூசிய குழாயில் வைரஸ் துகள்களைப் பிடித்து, வாழையின் டி.என்.ஏ.வைக் கழுவியும் நொதியால் சிதைத்தும் நீக்கிய பிறகே பி.சி.ஆர். செய்யப்படுகிறது.

சான்றளிப்பு

திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறையை இந்திய அரசின் உயிர்தொழில்நுட்பத் துறை 2006-இல் ஏற்படுத்தியது. அதன்கீழ் வைரஸ் சோதனை செய்ய ஏற்பளிக்கப்பட்ட ஆய்வகங்களில் திருச்சி மையமும் ஒன்றாகும். கன்று வாங்கும் உழவர் வைரஸைக் கண்ணால் காண இயலாது. அவர் நம்பும் சான்றிதழ், ஆய்வகக் கரைசலின் தூய்மையையே சார்ந்துள்ளது.