மலைச்சரிவின் மண்ணுக்கு ஒரு கணக்கு

மாத்தளை நகருக்கு வடக்கே அமைந்த பல்லேபொல, குன்றுகளும் அவற்றிடையே வயல்களும் விரவிய நிலம். சரிவிலே பெய்யும் மழைநீர் பள்ளம் நாடி ஓடுங்கால் மேல்மண்ணையும் உடன்கொண்டு செல்கின்றது. ஆண்டொன்றுக்கு எவ்வளவு மண் இவ்வாறு செல்கின்றது? மலைநாட்டின் இக்கேள்விக்கு நெடுங்காலம் விடை இருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கண்டி, மாத்தளைப் பகுதிகளின் மலைக்காடுகள் கோப்பிப் பயிருக்காக வெட்டி எரிக்கப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து வடபாதை வழியே நடந்து வந்த தொழிலாளர் அம்மலைகளைத் தோட்டங்களாக்கினர். களை நீக்கி வெறுமையாக விடப்பட்ட சரிவுகளை மழை கழுவிற்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியது. அவ்விடத்தே தேயிலை வந்தது. போன மண் மட்டும் மீளவில்லை.

1873இல் ஆங்கிலத் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழித்தலாகாது என எச்சரித்தார். 1931இல் மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. எனினும், 1976இல் மகாவலிக்குக் குறுக்கே அமைந்த பொல்கொல்லை அணைக்கட்டில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்தமை, இழப்பு நிற்கவில்லை என்பதைக் காட்டிற்று.

காக்க வேண்டுமாயின், எந்தச் சரிவு எவ்வளவு இழக்கின்றது என்பது தெரிய வேண்டுமன்றோ? அமெரிக்க அறிஞர் விஷ்மையரும் சிமித்தும் 1965இல் வெளியிட்ட சமன்பாடு இதற்கு வழி காட்டிற்று. மழையின் தாக்கம், மண் அரிபடும் இயல்பு, சரிவின் நீளமும் செங்குத்தும், பயிர்ப்போர்வை, காப்புமுறை ஆகியவற்றின் மதிப்புகளைப் பெருக்கினால், ஒரு ஹெக்டேயர் ஆண்டுதோறும் சராசரியாக இழக்கும் மண் தொன் கணக்கிற் கிடைக்கும்.

இதனைக் குன்றுதோறும் கையாற் கணித்தல் அரிது. புவியியல் தகவல் முறைமை அவ்வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தது. நிலப்படம் சிறு சதுரங்களாகப் பகுக்கப்படுகின்றது. 2000ஆம் ஆண்டில் விண்ணோடத்திலிருந்து ராடார் அளந்த உயரங்கள் சரிவைத் தருகின்றன. செய்மதிப் படங்கள் பயிர்ப்போர்வையைக் காட்டுகின்றன. மழைமானிப் பதிவுகளும் மண்வகைப் படமும் எஞ்சியவற்றிற்கு உதவுகின்றன. ஒன்றன்மேலொன்றாக இப்படங்களை அடுக்கிப் பெருக்க, ஒவ்வொரு சதுரத்தின் இழப்பும் நிறத்தாற் புலப்படும். நிலச்சரிவும் ஆழ்ந்த நீரோடை அரிப்பும் இக்கணக்கில் அடங்கா. களத்தில் அளந்து ஒப்புநோக்காத படம் வெறும் மதிப்பீடே.

ஆயினும் அதன் பயன் பெரிது. ஒரே மழையும் மண்ணும் சரிவுமுடைய இரு சதுரங்களில், மரங்களும் மிளகுக்கொடியும் மூடிய வீட்டுத்தோட்டம் சிறிதே இழக்க, உழுது வெறுமையாய்க் கிடக்கும் நிலம் பன்மடங்கு இழக்கும். மழையையும் மலையையும் மாற்றவியலாது. போர்வையையும் கல்வரம்பையும் உழவன் மாற்றலாம். கல்வரம்பு கட்டப் பொருளும் உழைப்பும் வேண்டும். அவை குறைந்த பல்லேபொலச் சிற்றுழவனுக்கு, எச்சரிவில் முதலில் கட்டுவது என்பதை அப்படம் உரைக்கவல்லது.