ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையின் ஆயத்தம்

தம் பிள்ளை ஞானஸ்நானம் பெறும் நிலைக்கு வந்துவிட்டதா என்று கிறிஸ்தவப் பெற்றோர் கண்டறிவதும், அதில் சபை அவர்களுக்குத் துணை நிற்பதும் இக்கட்டுரையின் பொருள். கத்தோலிக்கர் இச்சடங்கைத் திருமுழுக்கு என்பர். குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகள் ஆயத்தத்தை முதலில் பெற்றோரிடம் பார்க்கின்றன. விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்ட பின்பே கொடுக்கும் சபைகள் பிள்ளையிடம் பார்க்கின்றன. இலங்கை மலையகத்தில் இவ்விரு மரபினரும், இந்து உறவினரும் ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) அக்கம்பக்கமாக வாழ்வது உண்டு. அதனால் இந்தக் கேள்வி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே எழுகிறது.

இடமும் சபைகளும்

இக்கட்டுரை மனத்தில் கொள்ளும் இடம் நோர்வூட். அது நுவரெலியா மாவட்டத்தில் ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக மஸ்கெலியா செல்லும் வீதியில், பொகவந்தலாவைக்குப் பாதை பிரியும் இடத்தில் அமைந்த சிறு நகரம். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத் தமிழரில் பெரும்பாலோர் இந்துக்கள், கிறிஸ்தவர் சிறுபான்மையினர்.

சர்ச் மிஷனரி சங்கம் 1854இல் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' தோட்டத் தொழிலாளரிடையே அங்கிலிக்கன் ஊழியத்தை வளர்த்தது. அதன் உபதேசியார்கள் பலர் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள். டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி நிற்கும் வார்லி கிறிஸ்து ஆலயம் 1878இல் கட்டப்பட்டது. கத்தோலிக்கருக்கு நுவரெலியா மாவட்டம் கண்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்து சபைகளும் மலையகத்தில் பரவின.

வரலாறு

சிறுவருக்கு எப்போது ஞானஸ்நானம் கொடுப்பது என்பது பழைய வழக்கு. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், பிள்ளைகள் கிறிஸ்துவை அறியும் வரை காத்திருக்கலாம் என்று எழுதினார். 1525இல் சூரிச்சில் அனபாப்திஸ்துகள் குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்து, விசுவாசித்தவர்களுக்கு மறுபடியும் கொடுத்தார்கள். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் 1982ஆம் ஆண்டு லீமா ஆவணம் இரு மரபுகளும் ஒன்றையொன்று மதிக்க வேண்டும் என்றது.

ஆயத்தமில்லாத ஞானஸ்நானம் எங்கே போய் முடியும் என்பதற்கு இலங்கையிலேயே சான்று உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் கரையோரப் பகுதிகளில் அரசாங்க உத்தியோகம், திருமணப் பதிவு, சொத்துரிமை ஆகியவை ஞானஸ்நானத்தோடு பிணைக்கப்பட்டிருந்தன. 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும், பதிவேட்டில் கிறிஸ்தவராக இருந்த பெருந்தொகையினர் தங்கள் பழைய மதங்களுக்குத் திரும்பினர்.

சபைவாரி நடைமுறை

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி, குழந்தைக்குப் பிறந்த முதல் சில வாரங்களிலேயே திருமுழுக்குக் கொடுக்கப் பெற்றோர் முயல வேண்டும். பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும். பிள்ளை கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நியாயமான நம்பிக்கையும் இருக்க வேண்டும். அது அறவே இல்லையென்றால், காரணத்தைப் பெற்றோருக்குச் சொல்லித் தள்ளிப்போட வேண்டும். உயிராபத்தில் மட்டும் தாமதம் கூடாது. ஏழு வயது நிறைந்த பிள்ளை பகுத்தறியும் நிலையை அடைந்ததாகக் கொள்ளப்படும். அதன் பிறகு பெறுவதானால் பிள்ளையின் சொந்த விருப்பமும் மறைக்கல்வியும் வேண்டும். ஞானப்பெற்றோர் பொதுவாகப் பதினாறு வயது நிறைந்தவராக இருக்க வேண்டும்.

அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளும் குழந்தைகளுக்குக் கொடுக்கின்றன. அங்கே பிள்ளை தன் வாயால் பதில் சொல்லும் நேரம் பின்னர் திடப்படுத்தலில் வருகிறது. பாப்திஸ்து, பெந்தெகொஸ்து சபைகள் மனந்திரும்பிச் சாட்சி சொன்னவருக்கு மூழ்கு ஞானஸ்நானம் கொடுக்கின்றன. வேதாகமத்தில் இதற்கு வயது வரம்பு இல்லை. எனவே முடிவு பெற்றோர், போதகர் கையில் விழுகிறது.

ஆயத்தத்தின் அறிகுறிகள்

மனப்பாடம் போதிய சான்று ஆகாது. ஓய்வுநாள் பாடசாலையில் பத்துக் கட்டளைகளையும் கர்த்தருடைய ஜெபத்தையும் தடங்கலின்றிச் சொல்லும் பிள்ளையிடம், "பாவம்னா என்ன?" என்று கேட்டால், "தேவனுடைய கட்டளையை மீறுவது" என்ற பதில் உடனே வரும். "அம்மாயிகிட்ட பொய் சொன்னேன், அப்புறம் மனசு கேக்கல, போய்ச் சொல்லிட்டேன்" என்பது வேறு வகைப் பதில். முன்னது வகுப்பில் கற்றது. பின்னது பிள்ளைக்குள் நடந்தது.

போதகர்களும் பெற்றோரும் கவனிக்கத் தக்கவை: பிள்ளை யாரும் தூண்டாமல் தானே கேட்கிறதா, இயேசு யார், மன்னிப்பு எதற்கு என்பதைத் தன் சொந்த வார்த்தையில் சொல்கிறதா, சண்டைக்குப் பின் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் வீட்டில் தெரிகிறதா, சில மாதங்கள் கழித்தும் அதே விருப்பம் நிற்கிறதா, 'இப்போது வேண்டாம்' என்று சொல்லும் துணிவும் அதற்கு உண்டா. கடைசியது முக்கியம். மறுக்க முடியாத பிள்ளையின் சம்மதத்துக்கு எடை குறைவு.

அக்கா எடுத்துவிட்டாள், சபை முகாமின் கடைசி இரவில் எல்லோரும் கை தூக்கினார்கள், புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது, கொழும்பிலிருந்து மாமா வந்திருக்கிறார் போன்றவை காலத்தைக் குறிக்கலாமே தவிர, காரணம் ஆகா.

தோட்ட வாழ்வின் நிலைமைகள்

காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு, போகும் தாய் மாலையில் கொழுந்து நிறுத்த பிறகே வீடு திரும்புகிறாள். ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போவதும் உண்டு. இதனால் பிள்ளைக்கு ஜெபம் கற்றுக் கொடுப்பவர் பாட்டியாகவோ பாடசாலை ஆசிரியையாகவோ இருக்கலாம். ஆயத்தத்தை விசாரிக்கும்போது பெற்றோரை மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். பகலில் பிள்ளையைப் பார்ப்பவரையும் கேட்க வேண்டும்.

மற்றொன்று கலப்புக் குடும்பம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பெரியப்பா விபூதி நீட்டும்போது, ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை என்ன செய்யும்? மறுப்பதானால் அவமதிக்காமல் மறுக்கத் தெரிகிறதா, அதனால் வரும் சங்கடத்தைத் தாங்குமா என்பதை முன்பே பேசிவைப்பது நல்லது. உறவினரை இழிவாகப் பேசுவதைப் பக்திவைராக்கியம் என்று பெற்றோர் தவறாக எண்ணக் கூடாது.

சட்ட நிலை

இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எல்லோருக்கும் உறுதி செய்கிறது. இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 14ஆம் உறுப்புரை, பிள்ளையின் வளரும் ஆற்றலுக்கு ஏற்பப் பெற்றோர் வழிகாட்டலாம் என்கிறது.

தள்ளிப்போடுதல்

இன்னும் காலம் ஆகவில்லை என்று தெரிந்தால், அதைப் பிள்ளையிடம் நேராகவும் தனியாகவும் சொல்வது வழி. தோற்றுப்போனதாக அது நினைக்கக் கூடாது. சபை வாழ்வில் அதற்குரிய இடத்தையும் வேலையையும் அப்போதே கொடுத்து, அடுத்து எப்போது பேசுவோம் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவருக்குத் திடப்படுத்தல் அல்லது (கத்தோலிக்கர் சொல்லும்) உறுதிபூசுதல் நேரத்தில் இதே விசாரணை பொருந்தும்.