ஒரு மாநிலம், பல நாடுகள்: தமிழ்நாட்டின் பகுதிகளுக்குப் பொது அடையாளம் உண்டா?

தொண்டை நாடு, நடு நாடு, சோழ நாடு, பாண்டிய நாடு, கொங்கு நாடு என்னும் பழைய நிலப்பிரிவுகளின் பெயர்கள் இன்றும் மக்கள் வழக்கில் உள்ளன. 2021 ஜூலையில் ஒன்றிய அமைச்சர் ஒருவரைப் பற்றிய அதிகாரபூர்வக் குறிப்பில் 'கொங்கு நாடு' என்ற பெயர் இடம்பெற்றதும், அப்பெயர் தனி மாநில விவாதமாக மாறியது. வட மாவட்டங்களைப் பிரிக்க வேண்டும் என்ற குரலும் அதற்கு முன்னரே எழுந்ததுண்டு. பிரிவினை கேட்டோர் பகுதிப் பெருமையையும் வளர்ச்சியையும் முன்வைத்தனர். எதிர்த்தோர் தமிழர் ஒற்றுமையை முன்வைத்தனர். இவ்விரண்டு வரைபடங்களிலும் சேரி எங்கே இருக்கிறது என்ற கேள்வி எழவில்லை. அக்கேள்வியை முன்வைத்தே பகுதி அடையாளம், மாநில அடையாளம் ஆகிய இரண்டையும் நாம் இங்கு ஆராய்கிறோம்.

எல்லைகள் உருவான விதம்

இன்றைய தமிழ்நாட்டின் எல்லை அண்மைக் காலத்தில் வரையப்பட்டது. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1 அன்று மலபார் கேரளத்துக்குச் சென்றது. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் இங்கு இணைந்தன. 1960இல் திருத்தணி வந்து சேர்ந்தது. 1969 ஜனவரி 14 அன்று மாநிலம் தன் இன்றைய பெயரைப் பெற்றது.

இவ்வாறு இணைந்த பகுதிகள் வேறுபட்ட ஆட்சிகளின் சட்ட மரபுகளையும் உடன் கொண்டுவந்தன. திருவிதாங்கூரில் 1936இலேயே அரசரின் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியானது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு நிகழ்ந்தது 1939இல். மதராஸ் மாகாணத்தின் கோயில் நுழைவு அதிகாரச் சட்டம் வந்தது 1947இல். ஒரே மாநிலத்தின் இரு பகுதிகளில் ஒரே உரிமை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியில் கிடைத்திருக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 3ஆம் கூறு, மாநிலங்களைப் பிரிக்கவும் இணைக்கவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்து கேட்கப்பட வேண்டும். அதன் ஒப்புதல் கட்டாயமில்லை. ஆகவே பிரிவினைப் பேச்சை வெறும் மேடைப் பேச்சென்று ஒதுக்கிவிட இயலாது.

பகுதிதோறும் நிலமும் சாதியும்

பகுதிகளுக்கிடையே உண்மையான வேறுபாடு உண்டு. அது வட்டார வழக்கோடும் உணவோடும் முடிவதில்லை. நிலம் யாரிடம் இருக்கிறது என்பதே அதன் அடிப்படை.

வட மாவட்டங்களில் பறையர் சமூகத்தினர் பெருந்தொகையினர். அங்கு நிலப் போராட்டத்தின் மையம் 1892ஆம் ஆண்டு அரசாணையால் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம். அந்நிலத்தை மீட்க 1994இல் காரணையில் நடந்த போராட்டத்தின்போது காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

காவிரிப் படுகையில் மிராசுதாரர்களின் பெருநிலமும் பண்ணையாள் முறையும் இருந்தன. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்கள் அவை.

தென் மாவட்டங்களில் தேவேந்திரகுல வேளாளர் சமூகம் நிலத்திலும் கல்வியிலும் காலூன்றத் தொடங்கியபோது, மோதல் அதிகாரத்தை ஒட்டி எழுந்தது. 1957இல் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய தனி ஊராட்சிகளில் 2006 வரை முறையான தேர்தல் நடைபெறவே இயலவில்லை.

கொங்குப் பகுதியில் அருந்ததியர் பெரும்பாலும் நிலமற்ற தோட்டத் தொழிலாளராகவும் தூய்மைப் பணியாளராகவும் உள்ளனர். 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நிகழ்ந்த ஆணவக் கொலையும், 2019இல் மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து 17 பேர் மாண்டதும் அப்பகுதியின் தொழில் வளர்ச்சிக்கு நடுவிலேயே நடந்தன.

நிலவுரிமையும் உழைப்பு முறையும் ஆதிக்கச் சாதியும் பகுதிக்குப் பகுதி மாறுகின்றன. வட மாவட்டங்களில் 'சேரி', 'காலனி' எனப்படுவது கொங்கில் 'வளவு' எனப்படுகிறது. ஆனால் ஊரிலிருந்து அது விலக்கி வைக்கப்பட்டிருப்பது எங்கும் மாறவில்லை.

பட்டியலுக்குள் இருக்கும் பகுதிகள்

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. திருவாரூர் மாவட்டத்தில் இது 34 விழுக்காடு. கன்னியாகுமரியில் ஏறத்தாழ 4 விழுக்காடு. பட்டியலில் 76 சாதிகள் உள்ளன. அவற்றுள் பெரிய மூன்று தொகுப்புகளும் வடக்கு, தெற்கு, மேற்கு என்று பகுதி சார்ந்து அமைந்துள்ளன.

அரசியல் அமைப்புகளும் இதே வழியில் பிரிந்துள்ளன. மதுரையில் தோன்றிய விடுதலைச் சிறுத்தைகள் இயக்கம் இன்று வட மாவட்டங்களிலேயே வலிமையாக உள்ளது. புதிய தமிழகம் தெற்கையும், ஆதித்தமிழர் பேரவை மேற்கையும் தளமாகக் கொண்டுள்ளன. பகுதி அடையாளம் ஆதிக்கச் சாதிகளை மட்டும் பிரித்து வைக்கவில்லை. நம்மையும் பிரித்து வைத்திருக்கிறது என்பதை நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

அண்ணலின் அளவுகோல்

1955இல் வெளிவந்த 'மொழிவழி மாநிலங்கள் பற்றிய சிந்தனைகள்' என்ற நூலில் அண்ணல் அம்பேத்கர் இக்கேள்வியை ஆராய்ந்தார். ஒரு மாநிலம் ஒரே மொழி பேசலாம். ஆனால் ஒரு மொழி பேசுவோர் அனைவரும் ஒரே மாநிலத்தில் இருக்க வேண்டியதில்லை என்பது அவர் நிலை. மகாராட்டிரத்தை நான்காகவும், உத்தரப் பிரதேசத்தை மூன்றாகவும், பீகாரை இரண்டாகவும் பிரிக்கப் பரிந்துரைத்தார். பெரிய மாநிலத்தில் திரளும் பெரும்பான்மைச் சாதி சிறுபான்மையினரை நசுக்கிவிடும் என்ற அச்சமே அப்பரிந்துரையின் அடிப்படைகளுள் ஒன்று.

இதை எடுத்துக்காட்டித் தனிக் கொங்கு மாநிலத்தை அண்ணலின் பெயரால் ஆதரிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் சிறிய மாநிலத்தைச் சிறியது என்பதற்காக மட்டும் வேண்டவில்லை; ஒரு சாதியின் பெரும்பான்மை திரண்டு நிற்பதைத் தடுக்கும் வழியாகவும் வேண்டினார். இன்றைய தமிழ்நாட்டில் எந்த ஒரு ஆதிக்கச் சாதியும் மாநிலம் முழுவதும் பெரும்பான்மையாக இல்லை. பகுதிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு சாதியின் எடை கூடும். அங்குள்ள பட்டியல் சாதி பிற பகுதிகளின் துணையை இழக்கும். அண்ணலின் அளவுகோலை இங்குப் பொருத்தினால் கிடைப்பது பிரிவினைக்கு எதிரான விடையே.

இதற்குச் சட்டம் சார்ந்த காரணமும் உண்டு. 341ஆம் கூறின்படி பட்டியல் சாதிப் பட்டியல் மாநிலம்தோறும் தனித்தனியாக அறிவிக்கப்படுகிறது. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்குள்ள மாநில வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீடு கோர இயலாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. பீகாரிலிருந்து ஜார்க்கண்ட் பிரிந்தது 2000இல். அப்பிரிவினையால் ஒருவருக்கு மறுக்கப்பட்ட ஒதுக்கீட்டுரிமை உச்ச நீதிமன்றத்தில் மீட்கப்பட்டது 2021இல். திருவாரூரிலிருந்து திருப்பூருக்குப் பிழைக்கப் போகும் குடும்பம் இன்று சொந்த மாநிலத்துக்குள் நகர்கிறது. நாளை அது மாநில எல்லையைக் கடக்க நேர்ந்தால், அக்குடும்பத்துப் பிள்ளையின் சாதிச் சான்றிதழ் செல்லுமா என்ற வழக்கு நம் முன் வந்து நிற்கும்.

எது பொது?

பிரிவினையை மறுப்பதால், இன்று பேசப்படும் தமிழ் ஒற்றுமையை அப்படியே ஏற்றதாகாது. நீலகிரியில் வளர்ந்து சென்னையில் இதழ் நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அவருக்குத் தமிழன் என்பது சாதியற்றவன் என்று பொருள்பட்டது. பின்னர் அப்பெயரை எல்லோரும் எடுத்துக்கொண்டனர், அப்பொருளை விட்டுவிட்டனர். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதியினர் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தபோது, அம்மக்களுக்குப் பொதுத் தமிழ் அடையாளம் அரணாக நிற்கவில்லை.

ஆகவே எம் விடை இது: தமிழ்நாட்டின் பகுதிகளுக்குப் பொது மொழி உண்டு, பொது அரசியல் அடையாளம் இன்னும் முழுமை பெறவில்லை. குமரியில் இருப்பவருக்கும் ஓசூரில் இருப்பவருக்கும் ஒரே உரிமை ஒரே அளவில் கிடைக்கும்போதே அது முழுமை பெறும். அதை நோக்கிய நடவடிக்கைகளில் சில பயன் தந்துள்ளன. 2009ஆம் ஆண்டுச் சட்டம், 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காட்டை அருந்ததியருக்கு மாநிலம் முழுவதும் உறுதி செய்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. மேற்கில் செறிந்து வாழும் ஒரு சமூகத்தின் பின்தங்கிய நிலையை மாநிலம் முழுமைக்குமான சட்டம் கவனத்தில் கொண்டதற்கு அது சான்று.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளும் அத்தகைய கருவிகளே. 16ஆம் விதியின்படி முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இருமுறை கூட வேண்டும். 17ஆம் விதியின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூட வேண்டும். வன்கொடுமைக்கு வாய்ப்புள்ள பகுதிகளை அரசு முன்கூட்டியே கண்டறிய வேண்டும் என்கிறது 3ஆம் விதி. தத்தம் மாவட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பது எந்த வாசகருக்கும் இயலும். வடக்கிலும் தெற்கிலும் மேற்கிலும் உள்ள நம் அமைப்புகள் இக்கேள்வியை ஒரே நாளில், ஒரே மனுவாக எழுப்புமாயின், பகுதிகளைக் கடந்த பொது அரசியல் அடையாளம் அதிலிருந்து தொடங்கும்.